சிறிய பாடசாலையில் ஹொக்கி ஆடும் பிள்ளையைப் பல்கலைக்கழகம் கவனிக்குமா?

கேள்வி: என் தமையனார் குடும்பத்தோடு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வசிக்கிறார். அவருடைய மகள் ஒரு சிறிய ஊரின் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள்; ஐஸ் ஹொக்கியில் கெட்டிக்காரி. சிறிய பாடசாலைப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் திரும்பியும் பார்ப்பதில்லை என்று அங்குள்ளவர்கள் சொல்வதால், நகரத்திலுள்ள பெரிய பாடசாலைக்கு அவளை மாற்றலாமா என்று அண்ணன் யோசிக்கிறார். விளையாட்டுக்கான புலமைப்பரிசிலையும் அவர் எதிர்பார்க்கிறார். எங்களிடமும் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார். என்ன சொல்வது?
– வாசகி, கல்லடி

பதில்: பாடசாலை சிறியது என்ற ஒரே காரணத்துக்காக மாற்ற வேண்டாம் என்று எழுதுங்கள். அந்தப் பேச்சில் உண்மையே இல்லை என்பதல்ல. உண்மை வேறோர் இடத்தில் இருக்கிறது.

பெண்களின் ஹொக்கியைப் பாடசாலை விளையாட்டாக முறைப்படி ஏற்றுக்கொண்ட முதல் மாநிலம் மினசோட்டா; அது நடந்தது 1994இல். இன்று அங்கு மாணவர் தொகையை வைத்துப் பெரிய பாடசாலைகளை 'ஏஏ' என்றும் சிறியவற்றை 'ஏ' என்றும் பிரித்துத் தனித்தனியே மாநிலப் போட்டி நடத்துகிறார்கள். பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகும் பெண்களில் பெரும்பாலோர் பெரிய பாடசாலைகளிலிருந்து வருவது உண்மையே. ஆனால் அந்தப் பாடசாலைகள் பெரும்பாலும் வசதியான புறநகர்களில் இருக்கின்றன. அங்கு ஐஸ் அரங்குகள் அதிகம், சிறுவயதிலிருந்தே நல்ல பயிற்சி கிடைக்கிறது, ஆடும் பிள்ளைகளின் தொகையும் கூட. ஆகவே அங்கிருந்து பலர் தெரிவாகிறார்கள் என்பதைக் கொண்டு, அங்கே போய்ச் சேரும் ஒரு பிள்ளைக்கு வாய்ப்புக் கூடும் என்று முடிவுகட்ட முடியாது. அந்தப் பாடசாலையில் உங்கள் மருமகள் முதலில் அணிக்குள் இடம்பிடிக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். கனடா எல்லையோரத்தில் வாரோட் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கு வாழ்வோர் 2,000 பேர்கூட இல்லை. அந்த ஊர்ப் பாடசாலையில் ஆடிய ஜிஜி மார்வின் 2005இல் மாநிலத்தின் சிறந்த வீராங்கனைக்கான விருதைப் பெற்று, மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு ஆடி, மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்று, 2018இல் தங்கப்பதக்கமும் வென்றார். அதே ஒலிம்பிக்கின் இறுதிப் போட்டியில் வெற்றிக்கான கோலைப் போட்ட ஜோசலின் லாமுரு படித்தது ஷட்டக் செயின்ட் மேரிஸ் என்ற விடுதிப் பாடசாலையில். மாணவர் தொகையில் அதுவும் சிறியதுதான், ஆனால் ஹொக்கிக்கென்றே நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் அங்கு வந்து சேர்கிறார்கள். நமக்கு இது புதுமையல்ல. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துக்குப் பெயர் வாங்கித் தந்தது மாணவர் தொகை அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்து, 1990இல் காணாமற்போகும்வரை இங்கேயே பயிற்றுவித்த யூஜின் ஹேபர்ட் அடிகளாரைப் போன்ற இயேசு சபைத் துறவிகளின் உழைப்பு.

சிறிய பாடசாலையில் ஒரு பெரிய இலாபமும் ஒரு மறைவான நட்டமும் உண்டு. இலாபம் ஆட்ட நேரம். மினசோட்டாவில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பாடசாலையின் முதல் அணியில் ஆடலாம். பெரிய பாடசாலையில் இரண்டாம் அணியில் காத்திருக்கும் வயதில், சிறிய பாடசாலைப் பிள்ளை மூத்த பெண்களோடு மோதிப் பழகிவிடுகிறாள். நட்டம் அதே ஆட்ட நேரத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஐஸ் ஹொக்கியில் ஒருத்தி ஏறத்தாழ நாற்பது, ஐம்பது விநாடிகள் முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியேற, அடுத்தவள் உள்ளே வருவதே முறை. மாற்று ஆட்டக்காரர் குறைந்த அணியில் கெட்டிக்காரப் பிள்ளையைப் பயிற்றுநர் வெளியே எடுக்கத் தயங்குவார். அவளோ ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று களத்தில் நின்று, மூச்சைச் சேமிப்பதற்காகத் தன் பக்கத்துக்கு ஓடிவந்து தடுக்காமல் நடுக்களத்தில் சறுக்கிக்கொண்டு, இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வட்டை எதிர்பார்த்துக் காத்திருக்கப் பழகிவிடுவாள். பலவீனமான எதிரணிகளுக்கு எதிராக அப்படி ஆடியும் கோல்கள் விழும். பார்க்க வந்த பல்கலைக்கழகப் பயிற்றுநர் அந்தக் கோல்களை எண்ணுவதில்லை. வட்டு தன்னிடம் இல்லாதபோது அவள் என்ன செய்கிறாள் என்பதையே பார்ப்பார். உங்கள் அண்ணன் மகளின் ஆட்டத்தைப் பதிவுசெய்து, இந்த ஒன்றை மட்டும் அவளோடு இருந்து பார்ப்பாரானால், பாடசாலையை மாற்றுவதைவிட அதிக பயன் கிடைக்கும்.

இனி, யார் எங்கே பார்க்கிறார்கள் என்ற விடயம். பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் ஒவ்வொரு பாடசாலையாக ஏறி இறங்குவதில்லை. நல்ல பிள்ளைகள் ஓரிடத்தில் கூடும் கோடைகாலத் தெரிவு முகாம்களுக்கும், தேசிய வளர்ச்சி முகாம்களுக்கும், பாடசாலைப் பருவத்துக்கு முன்னர் தெரிவுசெய்யப்பட்ட பிள்ளைகளுக்காக நடக்கும் 'எலீட் லீக்' ஆட்டங்களுக்கும் போனால், ஒரே நாளில் பலரை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. இம்முகாம்களுக்கான தெரிவில் பாடசாலையின் அளவு கேட்கப்படுவதில்லை. பயணச் செலவும் கட்டணமும்தான் கேட்கப்படும். பெரிய பாடசாலைக்கு அருகில் வீடெடுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம். அதோடு, அண்ணனுடைய ஊரின் அணி உண்மையில் ஒரே பாடசாலையின் அணிதானா என்றும் விசாரியுங்கள். பிள்ளைகள் போதாத இடங்களில் இரண்டு மூன்று பாடசாலைகள் சேர்ந்து ஒரே அணியாக ஆட அங்கு அனுமதி உண்டு.

அவசரப்பட்டு மாற்றினால் நேரக்கூடிய இடைஞ்சல் ஒன்றும் இருக்கிறது. குடும்பம் வீடு மாறாமல் பிள்ளை மட்டும் பாடசாலை மாறினால், விதிவிலக்குகளுக்குள் அடங்காதவரை, ஓராண்டுக்கு முதல் அணியில் ஆட முடியாது என்பது மினசோட்டா பாடசாலை லீக்கின் விதி. பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15ஆம் திகதிக்குப் பிறகே பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் பிள்ளையோடு நேரடியாகத் தெரிவு பற்றிப் பேசலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, அந்தத் திகதிக்கு முந்திய ஆண்டை வாங்கில் அமர்ந்து கழிப்பதா?

புலமைப்பரிசிலை நம்பிக் கடன்படாதிருக்கச் சொல்லுங்கள். மகளிர் ஐஸ் ஹொக்கியில் முதற்பிரிவு எனப்படும் மிக உயர்ந்த மட்டத்தில் ஆடும் பல்கலைக்கழக அணிகள் நாடு முழுவதிலும் நாற்பதுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் பெண்களும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகிறார்கள். மூன்றாம் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் தருவதில்லை. ஹாவர்ட், பிரின்ஸ்டன் போன்றவை முதற்பிரிவில் ஆடினாலும் குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவி வழங்குகின்றன. அங்கெல்லாம் கணிதப் புள்ளியும் கோலைப் போலவே எண்ணப்படும்.

கேள்வி: நான் அம்பாறை மாவட்டத்தில் ஒரு சிறிய பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பெண் பிள்ளைகள் புல்தரை ஹொக்கி ஆட ஆசைப்படுகிறார்கள். இதனால் அவர்களுக்குப் பல்கலைக்கழக வாய்ப்பு ஏதும் உண்டா? எங்களைப் போன்ற சிறிய பாடசாலைக்கு அது எட்டுமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: ஐயா, அமெரிக்கப் பிள்ளைக்குச் சொன்ன பதிலை உங்களுக்குச் சொல்ல முடியாது. அங்கு முகாம்களும் கழகங்களும் பாடசாலையைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழி திறக்கின்றன. இங்கு வலயம், மாகாணம், தேசிய மட்டம் என்ற படிகளில் பிள்ளை ஏறுவது பாடசாலை அணியோடுதான். பதினொரு பேரும் மாற்று ஆட்டக்காரரும் சேராத பாடசாலையில், எத்தகைய கெட்டிக்காரியும் முதற்படியிலேயே நின்றுவிடுவாள். ஆகவே பாடசாலையின் அளவு நம்மிடத்தில்தான் அதிகமாக உறுத்துகிறது.

வாய்ப்பு இல்லாமலில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமை பெற்று, விளையாட்டில் அதிவிசேட திறமை காட்டியவர்களுக்கென விசேட அனுமதி ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் அதற்குத் தேசிய, சர்வதேச மட்டச் சாதனை வேண்டும். வலய மட்ட வெற்றி போதாது. மட்டக்களப்பும் அம்பாறையும் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், உங்கள் மாணவிகள் பலருக்கு இசட் புள்ளி வழியே இதைவிடக் கிட்டிய பாதை என்பதை மறைக்காமல் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞானப் பட்டநெறிகளையும் கவனியுங்கள். அவற்றுக்கு ஆட்டப் பழக்கம் நேரடியாக உதவும்.

ஹொக்கியைக் கைவிடச் சொல்லவில்லை. மட்டையும் கோல் காப்பாளரின் காலுறையும் தலைக்கவசமும் வாங்கும் செலவை அபிவிருத்திச் சங்கம் தாங்குமா என்று முதலில் பாருங்கள், தாங்கினால் தொடங்குங்கள். அந்தப் பிள்ளைகளில் வேகமான இருவர் மூவரை ஓட்டப் போட்டிகளுக்கும் சேர்த்தே பயிற்றுவியுங்கள், ஏனெனில் மெய்வல்லுநர் போட்டியில் ஒரு பிள்ளை தனியாகவே தேசிய மட்டம்வரை போகலாம். கிடைக்கும் ஒவ்வொரு சான்றிதழிலும் மாணவியின் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று, வழங்கப்படும் அன்றே பார்த்துத் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் நேரத்தில் திருத்தித் தர அந்த அலுவலர் அதே கதிரையில் இருக்கமாட்டார்.