"வீட்டைப் பார்க்கவேணும்"

அன்புள்ள அக்கா,

கொக்குவிலில் சின்னதாய் ஒரு மென்பொருள் கம்பனி நடத்துகிறேன். 18 பேர் வேலை செய்கிறார்கள். பாமசிகளுக்குப் பில் போடுகிற, சரக்குக் கணக்குப் பார்க்கிற மென்பொருள்தான் எங்கள் தொழில். கம்பஸ் முடித்து வருகிற பிள்ளைகளைப் பழக்கி எடுத்தால், இரண்டு வருஷத்தில் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வெளிக்கிட்டுவிடுகிறார்கள். போன மாதம் வந்த பயிற்சியாளர் ஒருவர், எல்லாரையும் தங்கள் வாழ்க்கை நோக்கத்தை எழுத வைத்து, அதைக் கம்பனியின் நோக்கத்தோடு பொருத்தினால் ஆட்கள் நிற்பார்கள் என்றார். எழுத வைத்தேன். பாதிப் பேர் 'வீட்டைப் பார்க்கவேணும்' என்று ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். இதை எதோடு பொருத்துவது?

கி., கொக்குவில்

அன்புள்ள கி.,

அந்த ஒரு வரியைக் குறையாக எடுக்காதீர்கள். வீட்டுக் கடன், தங்கச்சியின் கலியாணம், அப்பாவின் மருந்துச் செலவு எல்லாம் அதற்குள் இருக்கிறது. சம்பளம் தருபவரிடம் கொடுக்கிற தாளில் 'சமூகத்தை மாற்றவேணும்' என்று எழுதியவர்களைத்தான் நான் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பேன்.

வீட்டைப் பார்க்கவேணும் என்பவருக்குப் பொருத்தம் சம்பளத்தில் தொடங்குகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவர்களுடையது 8, நம்பிக்கை நிதிக்கு உங்களிடமிருந்து இன்னும் 3. முதல் மாதத்திலிருந்தே கட்டுகிறீர்களா? 'பழகுகிற காலம்' என்று சொல்லிக் கட்டாமல் விடுகிற முதலாளிமார் எங்கள் ஊரில் குறைவில்லை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருஷம் முடித்தவருக்கு, வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்கவேணும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியுமா?

இதெல்லாம் சரியென்றால், பயிற்சியாளர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கிற இளைஞர்களை வைத்து உளவியலாளர் ஆடம் கிராண்டும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அந்தக் காசில் புலமைப்பரிசில் பெற்ற மாணவர் ஒருவரை சில நிமிஷம் சந்திக்க வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் சேர்த்த காசும் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தன. ஒன்றைக் கவனியுங்கள்: அது உழைப்பை அளந்த ஆய்வு. ஆட்கள் எத்தனை வருஷம் நின்றார்கள் என்று அது பார்க்கவில்லை.

உங்களுக்கு இந்தச் சந்திப்பு வெகு சுகம். மருந்துப் பட்டியல் திரையை எழுதுகிற பிள்ளையை ஒரு காலைப்பொழுது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு பாமசிக்குள் நிற்க விடுங்கள். கிளினிக் முடிந்து சனம் மருந்துத் துண்டும் கையுமாக வந்து நெருக்கும். உள்ளே நிற்பவர் ஒரு கையில் துண்டைப் பிடித்து டொக்டரின் எழுத்தை மட்டுக்கட்டிக்கொண்டு, மற்றக் கையால் மூன்று எழுத்துத் தட்டுவார். திரையில் ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மருந்து மேலும் கீழுமாக வந்து நிற்கும். அவசரத்தில் எதை அமத்துவார்? அந்த இடத்தில் நின்று பார்த்த பிள்ளைக்கு, அந்தப் பட்டியலை ஏன் திருத்தவேணும் என்று நீங்கள் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

வெளிநாடு போகிறவர் வேறு கணக்கு. 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்கென்று பதிந்து இந்த நாட்டை விட்டுப் போனார்கள். கனடாவில் அண்ணன் கூப்பிடுகிற பொடியனை எந்த நோக்கத்தைக் காட்டியும் மறிக்க ஏலாது. மறிக்கவும் வேண்டாம்.

கொழும்புக்குப் போகிறவர்களோடுதான் நீங்கள் மினக்கெடவேணும். இரண்டு வருஷமாக ஒரே பில் திரையைத் திருத்திக்கொண்டிருப்பவர் சம்பளத்துக்காக மட்டும் போவதில்லை. 'உம்முடைய நோக்கம் என்ன' என்று கேட்டால் முழிப்பார். 'போன மாதம் எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை?' என்று தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டுப் பாருங்கள், சொல்லுவார். அடுத்த முறை வேலை பிரிக்கும்போது அவர் சொன்ன வேலையில் ஒரு பங்காவது அவருடைய பெயருக்கு வரட்டும்.