பக்கத்து வீட்டு மௌனத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். போன வருடம் எங்கள் தெருவில் ஓர் இளம்பெண் கொலை செய்யப்பட்டாள். என் கணவருக்கு ஒன்றுவிட்ட தங்கை மகள். அந்தக் கொலைக்காகக் கைதானவன், எங்கள் வீட்டோடு ஒரே சுவரில் ஒட்டியிருக்கும் பக்கத்து வீட்டுப் பையன். வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே விளக்கமறியலில் (விசாரணைக் காவலில்) இறந்துவிட்டான். எப்படி இறந்தான் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவனுடைய அப்பாவும் அம்மாவும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'வாயைத் திறக்காததே ஒப்புக்கொண்ட மாதிரிதான்' என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள். அவர்கள் வீட்டின் படத்தையும், பள்ளி யூனிஃபார்மில் இருக்கும் அவன் தங்கையின் படத்தையும் போட்டுவிட்டார்கள். குழுவின் அட்மின்களில் நானும் ஒருத்தி. வழக்கு இதோடு முடிந்ததா? அவர்களைப் பேச வைக்க வழி உண்டா? அவனுடைய பதினாறாம் நாளுக்கு நான் போகலாமா? இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா அழுவது எனக்குக் கேட்கிறது.

பதில்: கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். 1960களில் இந்தியர்களை நகரத்துக்குள்ளிருந்து கிளப்பிக் கொண்டுவந்து சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றியபோது கட்டிக்கொடுத்த வீடுகளின் சுவர் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். அந்தக் குடும்பம் வாய்மூடி இருப்பதாகத் தெருவே சொல்கிறது. அது உண்மையில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பையன் மீதான வழக்கு முடிந்துவிட்டது. இறந்தவர்மீது இந்த நாட்டில் குற்ற வழக்கு நடத்த முடியாது. அவனோடு வேறு யாராவது கைதாகியிருந்தால் அவர்கள்மீது மட்டும் தொடரும். தீர்ப்பு வராததால், சட்டத்தின் கண்ணில் அவன் குற்றம் நிரூபிக்கப்படாதவனாகவே போயிருக்கிறான். மகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இது எவ்வளவு கசக்கும் என்று எனக்குத் தெரியும். வக்கீலாகக் கொலை வழக்குகளில் இரண்டு தரப்புக்கும் நின்றிருக்கிறேன். தீர்ப்பு நாளுக்காகக் காத்திருந்து, அந்த நாளே வராது என்று கேட்ட தாய்மாரைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உண்மையைத் தேடும் வழி அடைபடவில்லை. 1959ஆம் ஆண்டின் 58ஆம் எண் சட்டப்படி, இயற்கையாக நேராத மரணங்களுக்கு மேஜிஸ்திரேட் முன் மரண விசாரணை நடத்தலாம். இறந்தவர் யார், எப்போது இறந்தார், எதனால் இறந்தார், அதில் யாருடைய செயலாவது மேலோட்டமான பார்வையில் குற்றமாகத் தெரிகிறதா என்ற கேள்விகளுக்கு மேஜிஸ்திரேட் பதில் சொல்ல வேண்டும். தண்டனை கிடையாது. பதில் மட்டும் உண்டு.

உங்கள் விஷயத்தில் மரணங்கள் இரண்டு. பெண்ணின் மரணத்தை, வழக்கு நின்றுபோன நிலையில், மரண விசாரணைக்கு அனுப்பும்படி அவளுடைய பெற்றோர் அரசு வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்கட்டும். வாயால் கேட்டால் போதாது. கேஸ் நம்பரைப் போட்டு, நகல் வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். முடிவு அவர்கள் கையில்தான். ஆனால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமையைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2004ஆம் ஆண்டின் சாசனம் தருகிறது. விசாரணை நடந்தால், நெருங்கிய அக்கறை உள்ளவர்கள் என்ற முறையில் மேஜிஸ்திரேட் அனுமதியோடு சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், வக்கீல் வைத்தும் கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பேச வைக்க வழி உண்டா என்று கேட்டீர்கள். இதுதான் வழி. மேஜிஸ்திரேட் சம்மன் அனுப்பினால் அவர்கள் வந்தே ஆக வேண்டும்.

பையனின் மரணம் தனி. சிறையில் நடந்திருந்தால் சிறைகளை மேற்பார்வையிடும் ஆய்வு நீதிபதியின் அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும். போலீஸ் லாக்கப்பில் என்றால் ஐபிட் என்ற சுயாதீன அமைப்பு விசாரிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை, அப்புறம் இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து முடிவு வரப் பல மாதம் ஆவது இங்கே வழக்கம். ஆகவே தன் பிள்ளை எப்படிச் செத்தான் என்று அந்த அம்மாவுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். தெரியாத ஒன்றை அவர் எப்படிச் சொல்வார்?

தீர்ப்பு வராவிட்டாலும் மரண விசாரணைக்கு மதிப்பு உண்டா என்று கேட்பீர்கள். நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய அகமது டிமோலை நினைத்துப் பாருங்கள். 1971 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் போலீஸ் கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்று 1972இல் முடித்துவிட்டார்கள். குடும்பம் விடாமல் போராடி, 2017இல் மறு விசாரணையில் அது கொலை என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் போலீஸ்காரர் ஜோவாவோ ரோட்ரிக்ஸ், வழக்கு நடக்கும் முன்பே 2021 செப்டம்பரில் இறந்துபோனார். குற்றத் தீர்ப்பு வரவே இல்லை. 2017இல் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது.

இனி மௌனம். கைதானவருக்கு மௌனமாக இருக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 35ஆம் பிரிவே தருகிறது. அவருடைய குடும்பம் தெருவுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தடயத்தை அழித்தது, கொலைக்குப் பின் ஒளித்து வைத்தது என்றால் அது குற்றம். அப்படி எதையாவது நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் விசாரணை அதிகாரியிடம் போய்ச் சொல்லுங்கள், குழுவில் போடாதீர்கள். சும்மா இருப்பது குற்றமாகாது. பெரும்பாலும் அது வக்கீல் சொல்லிக்கொடுத்ததாகவே இருக்கும். நானே சொல்லியிருக்கிறேன். இதேபோல் மகன் கைதாகி இறந்த ஒரு அப்பாவிடம், 'யாரிடமும் எதுவும் பேசாதீர்கள், அண்ணா' என்றேன். ஒரு வருடம் கழித்து வந்தபோது சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். 'உங்கள் மகளுக்காக நாங்கள் தினமும் விளக்கேற்றுகிறோம்' என்று இரண்டு வரி. மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. நான் பேசாதே என்று சொன்னதால் கொடுக்கவே இல்லை. அன்றிலிருந்து என்னிடம் வரும் குடும்பங்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள், ஆனால் துக்கம் சொல்வது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, கோயில் ஐயர் மூலமாவது சொல்லி அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் விஷயம் அவசரம். இறந்தவனைப் பற்றி எழுதினால் அவன் சார்பில் யாரும் மானநஷ்ட வழக்குப் போட முடியாது. ஆனால் 'பெற்றோருக்குத் தெரியும், மறைக்கிறார்கள்' என்று எழுதினால் உயிரோடு இருக்கும் அந்தப் பெற்றோர் போடலாம். பிறர் எழுதியதை ஃபார்வர்ட் செய்தவரும் மாட்டுவார். வீட்டைக் கொளுத்து, கல்லெறி என்று தூண்டினாலோ மிரட்டினாலோ 2020ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை. அதன் இந்தப் பிரிவுகள் 2021 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கின்றன. தொல்லை தாங்காவிட்டால் அவர்கள் மேஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவும் வாங்கலாம். அதற்கு வக்கீல்கூடத் தேவையில்லை. அட்மின் என்ற முறையில் இரண்டு படங்களையும் எல்லோருக்குமாக அழித்துவிட்டு, இப்படிப்பட்டதை இங்கே போட வேண்டாம் என்று ஒரே வரி எழுதுங்கள். அழிக்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். யார் போட்டது என்று நாளை கேள்வி வந்தால் உதவும். அந்தச் சின்னப் பெண் யாரையும் கொல்லவில்லை.

நஷ்டஈடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பையன் இறந்தாலும் அவன் விட்டுப்போன சொத்தின்மீது, பெண்ணின் குடும்பம் சவ அடக்கச் செலவு போன்றவற்றுக்காகச் சிவில் கோரிக்கை வைக்கலாம். பொதுவாக மூன்று வருடக் காலவரம்பு உண்டு, அதற்குள் ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும். வயதுவந்த மகன் செய்ததற்காகப் பெற்றோரின் வீட்டைக் கேட்க முடியாது. அவன் பேரில் எதுவும் இல்லையென்றால் வக்கீல் பீஸ்தான் மிச்சம்.

பதினாறாம் நாள். கல்யாணத்துக்கு அழைத்தால் போ, சாவுக்கு அழைக்காமலே போ என்று உங்கள் ஊரிலும் சொல்வார்கள். போகலாம் என்பதுதான் என் எண்ணம், ஆனால் பெண்ணைப் பறிகொடுத்த உங்கள் நாத்தனாரிடம் முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள். பிறர் வாயால் அவர் கேள்விப்படக் கூடாது. அவர் வேண்டாம் என்றால் போகாதீர்கள். அவருடைய மனம்தான் இதில் முதல். போனால், எதுவும் விசாரிக்காமல் பத்து நிமிடம் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். போக முடியாவிட்டால் பின்வாசல் வழியாக ஒரு டப்பா சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள். அரசு வழக்கறிஞருக்கான கடிதத்தைத் திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளையின் படத்தை மட்டும் இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள்.