தொப்புளை உள்ளிழுப்பதா, வயிற்றை இறுக்குவதா? – கேள்வி பதில்

கேள்வி: முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க் மட்டும் செய்தால் முதுகுத் தசைகளும் வலுப்பெறுமா?

பதில்: போதாது. குப்புற நிலையில் இடுப்பு தொய்ந்துவிடாமல் தாங்கும் வேலை பெரும்பாலும் முன்வயிற்றுத் தசைக்கும் பக்கச் சாய்வுத் தசைகளுக்குமே விழுகிறது. முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ் என்னும் ஆழ்தசை அதில் அதிகம் உழைப்பதில்லை. அதற்கு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு காலையும் எதிர்ப்புறக் கையையும் நீட்டும் ‘பேர்ட் டாக்’ பொருத்தமானது. நீட்டிய கால் இருக்கும் பக்கத்துக் கீழ்முதுகில் வேறொருவர் விரல் வைத்தால் தசை திரள்வதை உணரலாம். மூச்சை மட்டும் அடக்காதீர்கள்.

கேள்வி: எத்தனை நிமிடம் பிளாங்க் நிற்க வேண்டும்?

பதில்: நிமிடக் கணக்கு வேண்டாம். பத்து வினாடி நின்று, சற்றே தளர்ந்து, மீண்டும் நில்லுங்கள்.

கேள்வி: பயிற்சியாளர் தொப்புளை உள்ளிழுக்கச் சொல்கிறார், நீங்களோ வயிற்றைச் சுற்றிலும் இறுக்கச் சொல்கிறீர்கள். எது சரி?

பதில்: கையை உயர்த்தும் முன்பே டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ் என்னும் ஆழ்வயிற்றுத் தசை இயங்கத் தொடங்குகிறது என்றும், கீழ்முதுகு வலி உள்ளவர்களிடம் அது தாமதமாகிறது என்றும் ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் 1996இல் காட்டினர். அந்தத் தசையை இயக்கத் தொப்புளை உள்ளிழுக்கும் பழக்கம் அதையொட்டிப் பரவியது. ஆனால் அந்தத் தாமதம் வலிக்குக் காரணமா, வலியின் விளைவா என்பது அதிலிருந்து புலப்படுவதில்லை. கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் போன்றோர், வயிற்றைச் சுற்றியுள்ள எல்லாத் தசைகளையும் ஒருசேர இறுக்கினால்தான் முதுகெலும்புக்கு எல்லாத் திசைகளிலும் பிடிப்பு கிடைக்கும் என்கின்றனர். என் சார்பும் அதுவே.

மறுகேள்வி: உள்ளிழுக்கும்போது அந்தத் தசை தனித்து இயங்குவதை, தசையின் மின்குறிப்பைப் பதிவுசெய்யும் ஈஎம்ஜி கருவியில் பார்த்தேனே?

பதில்: தோலில் ஒட்டும் மின்முனையிலா? அந்த இடத்தில், ஆழ்தசைக்கு மேலே படிந்திருக்கும் உட்சாய்வுத் தசையின் மின்குறிப்பும் கலந்தே பதிவாகும். பிரித்தறிய நுண்கம்பியைத் தசைக்குள் செலுத்த வேண்டும். மேற்சொன்ன ஆய்வில் அப்படித்தான் செய்தார்கள். தோல்மேல் பதிவை வைத்துக்கொண்டு ஆழ்தசையைப் பற்றி அடித்துப் பேசுவோரை நான் நம்புவதில்லை.

கேள்வி: ஈஎம்ஜி சதவீதம் கூடக்கூடப் பயிற்சி சிறந்ததா?

பதில்: ஒருவரின் உச்சபட்சச் சுருக்கத்தை நூறாக வைத்துக் கணக்கிடும் எண் அது. வலிமை கூட்ட உயர்ந்த அளவு தேவை. அன்றாட நிலைப்புக்குச் சிறு இறுக்கமே போதும், ஆனால் அது நீடிக்க வேண்டும்.

கேள்வி: பிளாங்க் மூன்று நிமிடம் நிற்கலாமா?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: முதுகு வலியோடு கால் மரத்துப்போகிறது. எந்தப் பயிற்சி செய்யலாம்?

பதில்: முதலில் மருத்துவரை நேரில் பாருங்கள்.

கேள்வி: மூச்சை அடக்கினால் கூடுதல் நேரம் நிற்க முடிகிறதே?

பதில்: வயிற்றறையின் அழுத்தம் உயர்ந்து முதுகைத் தாங்குவதால் அப்படித் தோன்றுகிறது, கூடவே இரத்த அழுத்தமும் ஏறும். வினாடிகளை வாய்விட்டு எண்ணுங்கள். எண்ண முடியாத அளவுக்கு இறுக்கினால் தளர்த்திவிடுங்கள்.