கணவர் துபாய்க்குப் போகிறார். ஊரிலுள்ள மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டை நேதாஜி நகரில் வசிக்கிறோம். காசிமேட்டுப் பட்டறைகளில் வெல்டராக இருந்த என் கணவருக்கு (வயது 39) துபாயில் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 2,200 திர்ஹாம். ஒன்பதாம் வகுப்புவரை படித்தவர் என்பதால் அவருடையது இ.சி.ஆர். பாஸ்போர்ட் (வேலைக்கு வெளிநாடு போகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்). மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த 5 லட்சம் ரூபாய் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் 24,000 ரூபாய் கட்டி வருகிறோம். கம்பெனியே அங்கே இன்ஷூரன்ஸ் தருவதால் இதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைச் சீட்டில் போடலாம் என்கிறார். எங்கள் சேமிப்பு 2 லட்சம் ரூபாய், வீட்டுச் செலவு மாதம் 22,000 ரூபாய். மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் என்னுடன் இருப்பார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரி, நிறுத்தாதீர்கள். வெளிநாட்டுக்குப் போகும் பலர் செய்யும் இந்தத் தவறு அப்போது தெரிவதில்லை. உடம்பு முடியாமல் ஊர் திரும்பும் நாளில்தான் தெரிகிறது. அதனால் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அங்கே கிடைக்கப்போகும் காப்பீட்டைப் பார்ப்போம். துபாயில் 2013 ஆம் ஆண்டின் 11 ஆம் எண் சட்டப்படி, வேலைக்கு அமர்த்தும் நிறுவனமே தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். அதன் பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. உங்கள் கணவரின் சம்பள அளவில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் எடுக்கப்படுவது அடிப்படைத் திட்டம்தான். அதன் ஆண்டு வரம்பு 1,50,000 திர்ஹாம் என்பதால் தொகை குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் பயன்படுத்தும்போது கைப்பணமும் போகும். மருத்துவரைப் பார்க்கும் கட்டணத்தில் 20 சதவீதத்தையும், மருந்துச் செலவில் 30 சதவீதத்தையும் நோயாளி கட்ட வேண்டும். உள்நோயாளியாகச் சேர்ந்தாலும் 20 சதவீதம் உண்டு. ஆனால் அது ஒரு முறைக்கு 500 திர்ஹாமையும் ஆண்டுக்கு 1,000 திர்ஹாமையும் தாண்டாது. இங்கே செய்வதுபோல நேரே சர்க்கரை நோய் நிபுணரிடம் போய் உட்கார முடியாது; முதலில் பொது மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுத்தால்தான் நிபுணரிடம் போகலாம். அதுவும் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ள கிளினிக்காகவோ மருத்துவமனையாகவோ இருக்க வேண்டும். ஆகவே, அட்டை கைக்கு வந்த அன்றே, தங்கும் கேம்ப்புக்குப் பக்கத்தில் அந்தப் பட்டியலில் உள்ள கிளினிக் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளட்டும். நெஞ்சு வலி, விபத்து போன்ற அவசரத்துக்கு அங்கே 998 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நம் 108 போல இந்த எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும்.

இனி உங்கள் விஷயத்தில் மிக முக்கியமானதற்கு வருகிறேன். துபாயின் அடிப்படைத் திட்டத்தில் முதல்முறை சேர்பவருக்கு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் நாள்பட்ட நோய்களுக்கும் ஆறு மாதக் காத்திருப்புக் காலம் உண்டு; அதுவரை அந்த நோய்களுக்குக் காப்பீடு கிடைக்காது. உயிருக்கு ஆபத்தான அவசரச் சிகிச்சை மட்டும் இதற்கு விலக்கு. அங்குள்ள காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் உங்கள் கணவரின் சர்க்கரை ஏற்கெனவே உள்ள நோய். இன்றைய பாலிசியைக் கைவிட்டு மூன்று ஆண்டுகள் கழித்து இங்கே புதிதாக ஒன்று எடுத்தால், அந்த நிறுவனத்துக்கும் அது ஏற்கெனவே உள்ள நோய்தான். ஆனால் உங்கள் பீரோவில் இப்போது இருக்கும் பாலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, சர்க்கரை வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. பாலிசி எடுத்த பிறகு வந்த நோய் என்பதால் இந்த ஒரு பாலிசிக்கு மட்டும் அது ஏற்கெனவே இருந்த நோய் ஆகாது. இதை நிறுத்தினால் அந்த உரிமை போய்விடும். பிறகு எவ்வளவு பணம் கட்டினாலும் அதை அப்படியே திரும்ப வாங்க முடியாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நம் நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஆம் ஆண்டில் கொண்டுவந்த விதிகளின்படி, 60 மாதங்கள் இடைவிடாமல் புதுப்பிக்கப்பட்ட மருத்துவ பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, முன்பு எதையோ மறைத்தீர்கள் என்று சொல்லிக் காப்பீட்டுத் தொகையை மறுக்க முடியாது. நீங்கள் அந்தக் காலத்தைக் கடந்துவிட்டீர்கள். புதிய பாலிசி என்றால் அந்த 60 மாதங்களும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள்வரை காத்திருப்பு வைக்கலாம், சர்க்கரைக்காகப் பிரீமியத்தைக் கூட்டலாம், விண்ணப்பத்தையே நிராகரிக்கவும் செய்யலாம். மூன்று ஆண்டுகளில் நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது 72,000 ரூபாய். அதற்காக இவ்வளவையும் இழப்பது சரியான கணக்கு அல்ல. அந்த 24,000 ரூபாயில் உங்களுக்கும் பிள்ளைகளுக்குமான பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. துபாய் அட்டை அவரைத் தவிர வீட்டில் வேறு யாருக்கும் உதவாது.

சில ஆண்டுகளுக்கு முன் திருவொற்றியூரிலிருந்து ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். வளைகுடாவில் பைப் ஃபிட்டராக எட்டு ஆண்டுகள் உழைத்தவர். போன புதிதிலேயே ஊர் பாலிசியை நிறுத்திவிட்டார். காலில் வந்த புண் ஆறாமல், வேலைக்குப் போக முடியாமல், விசா ரத்தாகி ஊருக்கு வந்திருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த வெளிநாட்டுக் காப்பீட்டு அட்டையை என் மேசைமேல் வைத்து, 'இது இங்கே செல்லுமா?' என்று கேட்டார். அட்டையின் ஓரம் தேய்ந்திருந்தது. அவருடைய வேலையோடு அதன் ஆயுளும் முடிந்திருந்தது. புதிய பாலிசிக்கு நாங்கள் அனுப்பிய இரண்டு விண்ணப்பங்களும் திரும்பி வந்தன. ஸ்டான்லி மருத்துவமனையில் நல்ல சிகிச்சை கிடைத்தது, காலும் பிழைத்தது. ஆனாலும் அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. வேலை தரும் காப்பீடு வேலையோடு போய்விடும், நோய் மட்டும் மனிதரோடு வீட்டுக்கு வந்துவிடும். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

நோய் வந்தால் மருத்துவமனைச் செலவைவிடச் சம்பள இழப்பே குடும்பத்தை அதிகம் வாட்டும். அமீரகத் தொழிலாளர் சட்டப்படி தகுதிகாண் காலம் ஆறு மாதம்வரை இருக்கலாம். அதற்குள் எடுக்கும் நோய் விடுப்புக்குச் சம்பளம் இல்லை. அது முடிந்த பிறகு ஆண்டுக்கு 90 நாள் நோய் விடுப்பு உண்டு: முதல் 15 நாட்களுக்கு முழுச் சம்பளம், அடுத்த 30 நாட்களுக்குப் பாதி, மீதி 45 நாட்களுக்கு ஒன்றும் இல்லை. அதாவது, சர்க்கரைக்குக் காப்பீடு இல்லாத அதே முதல் ஆறு மாதத்தில்தான், உடம்புக்கு வந்தால் சம்பளமும் இருக்காது. இந்த ஆறு மாதத்தைத் தாண்டத்தான் உங்கள் 2 லட்சம் ரூபாய் உதவ வேண்டும். மூன்று மாத வீட்டுச் செலவுக்கான 66,000 ரூபாயை, உடனே எடுக்கும்படி உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் தனியாக வையுங்கள். 24,000 ரூபாயைப் பிரீமியத்துக்கு ஒதுக்குங்கள். ஏறத்தாழ 1,500 திர்ஹாமுக்கு ஈடான தொகையை அவர் கையில் கொடுத்து, மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும் தவிர வேறெதற்கும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். சீட்டு நல்ல பழக்கம்தான், ஆனால் அவசரத்துக்கு நினைத்த நாளில் அதிலிருந்து பணம் எடுக்க முடியாது. முதல் ஆண்டு முடியட்டும், அதன் பிறகு சீட்டைப் பற்றி யோசிக்கலாம்.

வேலையிடத்தில் ஏற்படும் காயத்துக்கு விதி வேறு. சிகிச்சைச் செலவு முழுவதும் நிறுவனத்தின் பொறுப்பு. சிகிச்சைக் காலத்தில் ஆறு மாதம்வரை முழுச் சம்பளமும், அதற்கு மேல் இன்னொரு ஆறு மாதம்வரை பாதிச் சம்பளமும் தர வேண்டும். கப்பல் வேலையில் இருக்கும் வெல்டருக்கு இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. சிறு தீக்காயம் என்றாலும் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அறைக்கு வந்து தானே களிம்பு போட்டுக்கொண்டு படுத்துவிட்டால், பத்து நாள் கழித்து அது வேலையில் பட்ட காயம் என்று நிரூபிப்பது கடினம்.

இ.சி.ஆர். பாஸ்போர்ட் என்பதால் அவர் இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும். அப்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் என்று மிகக் குறைந்த பிரீமியத்தில், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் பாதுகாப்பு இதில் உண்டு. மருத்துவமனைச் செலவுக்கும் 1 லட்சம் ரூபாய்வரை வரம்பு உண்டு. மூன்று ஆண்டுக்கே எடுத்து, நாமினியாக உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த வழியில் போனால் இந்தக் காப்பீடும் கிடைக்காது, வேலை விசா வரும்வரை நிறுவனத்தின் காப்பீடும் கிடைக்காது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்ச வரம்பு. அதற்கு மேல் கேட்பவரிடம் உங்கள் சேமிப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

புறப்படுவதற்கு முன் அவர் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகம், கண் ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளட்டும். நிறுவனத்தின் காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை பற்றிக் கேட்டிருந்தால் உண்மையை எழுதட்டும்; மறைத்தால் ஆறு மாதம் கழித்துக் கிடைக்க வேண்டியதும் சிக்கலாகும். சர்க்கரை மாத்திரையை மூன்று மாதத்துக்கு இங்கேயே மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலையில் வாங்கி, உறை பிரிக்காமல், மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டோடு எடுத்துச் செல்லட்டும். ஆனால் பெட்டி கட்டும்போது வீட்டில் கிடக்கும் வலி மாத்திரையையும் இருமல் மருந்தையும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். டிரமடால், கோடீன் கலந்தவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அந்நாட்டு அரசின் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வழக்காகிவிடும்.

மாமியார் உங்கள் பாலிசியில் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. வார்டு சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவர் சம்பளம் அனுப்பத் தொடங்கினால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள் என்பதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது கணவரின் வேலையும் வசிக்கும் நாடும் மாறியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, பதிலை அச்செடுத்து பாலிசியோடு வையுங்கள். 24,000 ரூபாயை ஒரே தவணையாகக் கட்டுவது கடினமாக இருந்தால், நிறுத்துவதற்குப் பதில், மாதத் தவணை வசதி உண்டா என்று கேளுங்கள். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, ஆனால் கெடு தேதிக்கும் பணம் கட்டும் நாளுக்கும் இடையில் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் தொகை கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, நீங்கள் சொன்ன 24,000 ரூபாய் வரியோடு சேர்ந்த பழைய தொகையா என்று கடைசி ரசீதை எடுத்துப் பாருங்கள். அப்படியானால் இந்த ஆண்டு கட்ட வேண்டியது குறையக்கூடும். அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே இந்த ஆண்டுப் பிரீமியத்தைக் கட்டிவிட்டு, பாலிசியின் முதல் பக்கத்தையும் ரசீதையும் படமெடுத்து இருவர் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.