டெண்ட் கொட்டாயில் ஓடிய நியூஸ் ரீல்: கேள்வி பதில்

பென்னாகரம் வாசகர்: படம் போடுவதற்கு முன்னால் நியூஸ் ரீல் என்று அரசின் செய்திப் படம் கட்டாயம் ஓடுமே, அது யார் போட்ட உத்தரவு சார்?

முதலில் கட்டாயமாக்கியது பிரிட்டிஷ் அரசு. 1943-ல், போர்க்காலத்து இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி. 1946-ல் அந்த ஏற்பாடு நின்றது. 1948-ல் பம்பாயில் மத்திய அரசின் படத் தயாரிப்புப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கியதும், கொட்டாய் லைசென்ஸிலேயே ஒரு நிபந்தனையாகத் திரும்ப வந்தது. ஒரு காட்சிக்கு அதிகபட்சம் 2000 அடி. 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கணக்குப் போட்டால் 22 நிமிடம். இதற்கு வாடகையும் கொட்டாய்க்காரர்தான் கட்டினார். 1999-ல் கூட உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டாயம் செல்லும் என்றே சொன்னது.

அரூர் வாசகர்: எங்கள் ஊருக்குச் செய்தி பழசாகித்தான் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். பிரிண்டுகள் கொஞ்சம்தான். பெரிய நகரத்துத் தியேட்டர்களில் ஓடி முடிந்து, கைமாறி, கீறல் விழுந்த பிறகே டூரிங் கொட்டாய்க்கு வரும். அதனால் 'இந்த மாதம் பார்த்தேன்' என்பதை வைத்து நிகழ்ச்சியின் தேதியை எழுதிவிடாதீர்கள். உள்ளூர் வரலாறு எழுதுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

ஓசூர் வாசகர்: தலைவர்கள் வாயசைப்பார்கள், கேட்பது வேறொருவர் குரல். ஏன்?

செய்திக்குப் போனவர்கள் பெரும்பாலும் கையில் பிடிக்கும், சாவி கொடுத்து ஓட்டும் கேமராவில் ஒலியில்லாமல்தான் எடுத்தார்கள். 'ஐமோ' கேமராவில் 100 அடி ஸ்பூல் போட்டால் 66 நொடியில் தீர்ந்துவிடும். காட்சிகள் துண்டு துண்டாக இருப்பதற்கும் அதுதான் காரணம். வர்ணனையைப் பிறகு ஒவ்வொரு மொழிக்கும் தனியாகப் பதிவு செய்து சேர்த்தார்கள்.

பாலக்கோடு வாசகர்: இடித்த தியேட்டரிலிருந்து ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே ரீல், திறந்தால் காடி (வினிகர்) நெடி. புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கலாமா அண்ணே?

ஓட்டவே ஓட்டாதீர்கள். காடி நெடி வந்தால் அது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம், சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும், எனவே தனியாக வையுங்கள். பாலிதீன் பையில் கட்டி மூடினால் ஆவி உள்ளேயே நின்று இன்னும் வேகமாக அரிக்கும். காற்றோட்டமும் குளிர்ச்சியும் உள்ள இடம்தான் சரி. தகரக் கூரைக்கு அடியில் வேண்டாம்.

அடுத்து பிலிமின் ஓரத்தைப் பாருங்கள். 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் தீப்பயம் குறைவு. ஆனால் நெகட்டிவ் ஓரத்து எழுத்தும் பிரிண்டில் பதிந்து வரும் என்பதால், அதை மட்டும் நம்பவும் வேண்டாம். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய ரீல், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ தெரிந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள். நைட்ரேட் பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். பஸ்ஸிலோ தபாலிலோ அனுப்பக் கூடாது.

அசிடேட் என்று உறுதியானால் பிலிம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளக்கலாம். பருத்திக் கையுறை போட்டு, தட்டையாக வைத்து, பிலிம் ஓரத்தில் வரிசையாக உள்ள துளைகளில் 100 துளைக்கு ஸ்கேல் பிடியுங்கள். புது பிரிண்டில் 475 மி.மீ. இருக்கும். 470-க்குக் கீழே இறங்கியிருந்தால் புரொஜெக்டரின் பல், துளைகளைக் கிழித்துவிடும்.

தொடக்கத்து டைட்டிலில் இதழ் எண் (நியூஸ் ரீலின் வரிசை எண்) இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுங்கள். வெளியான வாரத்தைக் கண்டுபிடிக்க அது ஒன்றே போதும். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதும்போது அந்த எண், ஓர எழுத்து, 100 துளை அளவு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.