டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மீன் விற்பவர்களைப் புகைப்படங்களில் ஆவணப்படுத்துவது எப்படி?

1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-இன் வழித்தோன்றல்தான் எக்ஸ்எல். புல்லட் கூட்டத்தைப் படமெடுக்க ஆளுண்டு. பின்னால் ஐஸ் பெட்டி கட்டி ஊர் ஊராக மீன் விற்பவரை யாரும் எடுப்பதில்லை. அதனால் இந்தப் புகைப்படத் தொடர் அவசியமானது.

முதல் வாரம் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் ஏலம் நடக்கும்போது குறுக்கே நின்றால் மீன் வாங்க வந்தவர்கள் பிழைப்பு கெடும். ஒருவரிடம் சம்மதம் வாங்கி, கொள்முதலிலிருந்து கடைசித் தெரு வரை அவரோடு போங்கள்.

லென்ஸ் 35 மி.மீ. போதும். இருட்டில் லென்ஸ் துளை எஃப் 2, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200. ஷட்டர் 1/100 நொடியில் இருக்கட்டும்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும், 1/250 வைத்தால் படத்தில் பட்டை விழலாம். ஓடும் வண்டிக்கு 1/30 வைத்து, கேமராவை வண்டியோடு சேர்த்துத் திருப்புங்கள். பத்தில் ஒன்று தேறினாலே நல்லது. பகலில் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி வெளிறிப்போகும், முகம் கறுக்கும்; ரா கோப்பாக (கேமரா பதியும் மூலத் தரவு அப்படியே இருக்கும் கோப்பு) எடுத்து, பெட்டியில் விவரம் தெரியுமளவு வெளிச்சத்தைக் குறையுங்கள், முகத்தைப் பிறகு மீட்கலாம்.

வண்டியைத் தனியாகவும் எடுங்கள்: வெல்டிங் செய்த கேரியர், டியூப் ரப்பர் கட்டு, தராசு மாட்டும் கொக்கி. ஒவ்வொரு படத்துக்கும் தேதி, ஊர், வண்டி வாங்கிய ஆண்டு, சுமை எத்தனை கிலோ என்று அன்றே எழுதிவிடுங்கள். பதிவெண்ணை மறைத்து வெளியிடுங்கள். 4x6 அங்குல அச்சுப் படம் ஒன்றை அவர் கையில் கொடுக்காமல் இரண்டாம் முறை போகாதீர்கள்.