ஆபீஸ் கால் என்று ஒரு பொய்

கேள்வி: பெரம்பூரில் அம்மாவுடன் வசிக்கிறேன். ஐடி வேலை, வயது 31. கத்தோலிக்கக் குடும்பம். மறைந்த அப்பாவின் முன்னோர் மதம் மாறும் முன் பேச்சியம்மனைக் குலதெய்வமாகக் கும்பிட்டவர்கள். கொஞ்ச காலமாக என் மனம் அவள் பக்கமே போகிறது. மேல்நாட்டில் பழைய தெய்வங்களிடம் திரும்புகிறவர்கள் கிறிஸ்தவத் தியான முறைகளைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார்களாம். நானும் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் தியானத்தையும், அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் இரவு ஆன்ம சோதனையையும் இயேசுவுக்குப் பதில் அம்மனை வைத்துச் செய்கிறேன். மன்னிப்புக் கேட்கும் படியை விட்டுவிட்டேன். அம்மாவிடம் ஆபீஸ் கால் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வேன். இது திருட்டா? ஏன் மனம் ஒட்டவில்லை?

பதில்: திருட்டு இல்லை. இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ 1548-இல் போப் மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்த புத்தகம், யாரும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் பாவத்தில் தொடங்கி இயேசுவின் வாழ்வு, பாடுகள், உயிர்ப்பு என்று நான்கு வாரம் போகிற பயிற்சி அது. பெயரை மட்டும் மாற்றினால் அம்மன் வழிபாடாகிவிடாது.

அது கிடக்கட்டும். ‘ஆபீஸ் கால்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆன்ம சோதனையில் ஐந்து படிகள்: நன்றி சொல்வது, தன் குறை தெரிய அருள் கேட்பது, காலையிலிருந்து மணிக்கு மணி கணக்குப் பார்ப்பது, மன்னிப்பு, திருந்தும் தீர்மானம். நீங்கள் கண்ணை மூடியதும், சற்று முன் பெற்ற தாயிடம் சொன்ன பொய்தானே முதலில் வந்து நிற்கும்? அதைத் தாண்ட முடியாமல்தான் நான்காவது படியையே தூக்கிவிட்டீர்கள். மன்னிப்புக் கேட்பது அம்மனுக்கு ஆகாததா? சன்னதியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வது எதற்காம்?

அப்புறம், குலதெய்வம் தனியறையில் ஒருத்தியாகக் கும்பிடுகிற சாமி இல்லை. தென்மாவட்டங்களில் கொடை என்னும் கோயில் திருவிழா என்றால் பங்காளிகள் வரி போட்டு, வில்லுப்பாட்டு வைத்து, பொங்கலிட்டு, குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். பெற்றவளை வெளியே நிறுத்திவிட்டுக் குலதெய்வத்தைக் கும்பிட முடியும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

மனம் ஒட்டாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இஞ்ஞாசியார் இடத்தைக் கண்முன் கொண்டுவரச் சொல்கிறார். நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் பாதை எவ்வளவு நீளம், சமதளமா மேடுபள்ளமா என்றுகூட நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். உங்கள் பேச்சியம்மன் பீடம் எந்த மரத்தடியில் இருக்கிறது? கூரை உண்டா, வெட்டவெளியா? கடிதத்தில் ஊர்ப்பெயர்கூட இல்லையே! அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன உங்கள் அம்மா, மாமியார் வாயால் ஏதாவது கேட்டிருப்பார். அவரிடம்தான் நீங்கள் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

உண்மையைச் சொன்னால் அம்மா அழுவார். கணவரை இழந்தவர், மகளும் தன் சாமியை விட்டுவிட்டாள் என்றால் மனசு உடையாதா? எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருங்கள், திட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்பு சொல்லைவிடச் செயலில் தெரிய வேண்டும் என்று அதே புத்தகத்தின் கடைசித் தியானத்தில் இஞ்ஞாசியார் சொல்கிறார். ஞாயிறு பூசைக்கு லூர்து மாதா கோயிலுக்கு அம்மாவை நீங்களே கூட்டிப்போங்கள். உங்கள் நம்பிக்கை மாறினாலும் அந்தக் கடமை மாறவில்லை. வீடு திரும்பிய பிறகு எல்லாவற்றையும் சொல்லுங்கள். அப்பா ஊரில் இன்னும் கொடை எடுக்கிற பங்காளி யார் என்றும் அவரிடமே கேளுங்கள். விட்டுப்போன நான்காவது படியை மட்டும் ஞாயிறு வரை தள்ளிப்போடாதீர்கள், இன்றிரவே சேர்த்துவிடுங்கள்.